லீமா வீட்டுத் தலைக்கட்டு

விருத்தாசலம்
13.6.2005

அண்ணன் சூசைநாதன் அவர்களுக்குத் தங்கை லீமா எழுதுவது.

ஒரே தெருவில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்கள் வாசலுக்கு வந்தால் நான் சண்டைதான் போடுவேன். அண்ணி நடுவில் புகுந்து காபியைக் கையில் கொடுத்து என் வாயை அடைத்துவிடுவார்கள். கடிதத்துக்குக் காபி கொடுக்க முடியாது.

நேற்று பூசை முடிந்து கோயில் வாசலில் நூலகக் கட்டட வரிப் பட்டியலை நீங்கள் வாசித்தபோது நான் பெண்கள் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம் தெரு நூலகம் ஒழுகுகிற வாடகை அறையில், காலையில் மட்டும் நடக்கிறது. தெருவே ஒரு கட்டடம் கட்டிக்கொடுத்தால் முழுநேரம் ஆக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று நூலகர் சண்முகப்ரியா சொன்னதும், திருவிழாவுக்கு வாங்குவதுபோலவே தலைக்கட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வரி போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். துபாயில் இருக்கிற அகஸ்டின் பேர் பட்டியலில் வந்தது. போன மாதம் கல்யாணமான நந்தகுமார் பேர் வந்தது. என் பேர் வரவில்லை.

கிட்டே வந்து கேட்டேன். "ஒன்ன வுட்டுட்டேம்மா. ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று எல்லார் முன்னாலும் மிட்டாய் கொடுப்பதுபோலச் சொன்னீர்கள். சுற்றி நின்றவர்கள், அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்கணும் என்று தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணமான ஆம்பளை ஒருவன் இருந்தால் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. இதுதான் நம் தெரு வழக்கம். என் வீட்டுக்காரர் ஜூடு இறந்ததும் எங்கள் தலைக்கட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டீர்கள். எனக்கு மகன் இருந்து அவனுக்குக் கல்யாணம் ஆனால் மறுபடி எழுதுவீர்கள். எனக்கு இருப்பது மகள், நான்சி. அப்படியென்றால் இந்தத் தெருவில் என் வீடு இனி எந்தக் கணக்கிலும் வராது, அதுதானே? திருவிழா வரியில் விட்டபோது நான் கேட்கவில்லை. அப்போது இருந்த துக்கத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இப்போது உறைக்கிறது. வரி கட்டினவர்தான் கூட்டத்தில் பேசலாம் என்று வாசித்தது நீங்கள்தான். கட்டடம் எங்கே வருவது, எந்த நேரத்தில் திறக்கச் சொல்லிக் கேட்பது என்றெல்லாம் அந்தக் கூட்டம்தான் முடிவு செய்யப்போகிறது. நாங்கள் வேலை பார்க்கிற பீங்கான் பொம்மைக் கொட்டகையில் ஒருத்தி புத்தகம் வாசிப்பாள், அவள் பங்குப் பொம்மைகளை மற்றவர்கள் சுரண்டித் துடைத்து முடித்துக் கொடுப்போம். என் ஒரு கார்டில் எடுக்கிற புத்தகத்தைக் கொட்டகை முழுக்கக் கேட்கிறது. அதை எடுப்பதற்குக் காலையில் வேலைக்குத் தாமதமாகப் போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்குகிறேன். சாயங்காலம் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்க என்னைவிட யாருக்கு அவசியம்?

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். லீமா என்று என் பேர்தான் போட்டிருக்கிறது. அதிலேயே நூலக வரி என்று தனியாகப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். நூலகத்துக்காக நகராட்சி வருஷா வருஷம் என்னிடம் வரி வாங்குகிறது. சர்க்காருக்கு நான் ஒரு ஆள். கூடப் பிறந்தவருக்கு நான் ஆள் இல்லையா?

பட்டியலில் என் பேரைச் சேருங்கள்.

இப்படிக்கு,
லீமா


16.6.2005

இயேசுவுக்குப் புகழ். அன்புத் தங்கை லீமாவுக்கு அண்ணன் சூசைநாதன் ஆசீர் கூறி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் நடராசன் அதைக் கையில் கொடுத்துவிட்டு, "என்னங்க சூசை, தங்கச்சி வூடு வெளியூருக்கு மாறிப்போச்சா?" என்று கேட்டார். நானும் பதிலைத் தபாலிலேயே அனுப்புகிறேன். நேரில் வந்தால் நீ கதவைச் சாத்திவிடுவாய் என்று உன் அண்ணி மெர்சி சொல்கிறாள்.

உன்னை அடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லைப் படித்து எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. உன்னை நான் வெளியே தள்ளவில்லையம்மா. என் தலைக்கட்டுக்குள் உன்னைச் சேர்த்துக்கொண்டேன். நான் கட்டுகிற ஐந்நூறில் நீயும் நான்சியும் இருக்கிறீர்கள். பொம்மை துடைத்துச் சம்பாதிக்கிற காசை உன்னிடம் வாங்கினால் ஊர் என்ன பேசும்? "புருஷன் இல்லாத தங்கச்சிகிட்டயும் கைய நீட்டிட்டான் சூசை"ன்னு சூளையில் நிற்கிறவன் எல்லாம் பேசுவான். அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி அங்கே வேலை பார்ப்பது?

அம்மன் கோயில் பக்கத்து வீடுகளுக்கு வரி வாங்குகிற கொளஞ்சியப்பனிடமும் கேட்டேன். அவர்கள் பக்கமும் இதே வழக்கம்தான். கும்பிடுகிற சாமி வேறாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் ரெண்டு பக்கமும் ஒத்துமை. உன்னோடு வேலை பார்க்கிற வீராயியின் புருஷன் ஓடிப்போனவன். அவளையும் விட்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்தாளா, பார்.

கொடுத்தே தீருவேன் என்றால் நன்கொடையாகக் கொடு. முடிந்ததைக் கொடு. கல்வெட்டில் உன் பேர் வர நான் பொறுப்பு. கூட்டத்தில் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல், உனக்காக நான் பேசுகிறேன். அதற்குத்தானே அண்ணன் இருக்கிறேன்.

அண்ணி நாளை மீன் குழம்பு வைக்கிறாள். கொடுத்தனுப்புவாள். திருப்பி அனுப்பிவிடாதே.

அன்பு அண்ணன்,
சூசைநாதன்


18.6.2005

அண்ணனுக்கு,

மீன் குழம்பு வந்தது. ரொம்ப நன்றாக இருந்தது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். உங்களிடம் சொல்வதற்கு வேறு இருக்கிறது.

நான் நன்கொடை தர மாட்டேன். நன்கொடை கொடுத்தவளுக்கு நன்றி சொல்லி, சால்வை போட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போய்க் கூட்டம் போடுவீர்கள். வரி கட்டினவளுக்குப் பதில் சொல்லியாகணும். எனக்கு நன்றி வேண்டாம்.

எனக்காக நீங்கள் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பல்வலி வந்தால் மாத்திரையை நீங்கள் விழுங்குவீர்களா? ரோட்டோரத்தில், பிராந்திக் கடைக்கு அந்தண்டை இருக்கிற பொது இடத்தில் கட்டிவிடலாம் என்று ஆம்பளைகள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் வேலை விட்டு வருவது ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அந்தக் கடை வாசலைத் தாண்டி எந்தப் பெண் புத்தகம் எடுக்கப் போவாள்? கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தெருவுக்குச் சொந்தமான இடம் முள் மண்டிக் கிடக்கிறது. அங்கே கட்டினால் நான்சி தனியாகப் போய்ப் படித்துவிட்டு வருவாள். இந்த வருஷம் பிளஸ் டூ. வீட்டில் ஒரே அறை, என் தையல் மெஷின் சத்தம் வேறு.

அகஸ்டின் வரி கட்டினவன். அவன் தெருவிலேயே இல்லை, அவன் பெண்டாட்டிதான் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். துபாயில் இருக்கிறவனுக்குக் கூட்டத்தில் இடம் உண்டு. தெருவில் இருக்கிற எனக்கு இல்லை.

வீராயி வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் வாசித்துக் காட்டினேன். இப்போது திறந்துவிட்டாள். அவள் சொன்னதை எழுதினால் நடராசன் இந்தத் தபாலை வாங்க மாட்டார்.

லீமா


27.6.2005

இயேசுவுக்குப் புகழ். அன்புத் தங்கைக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. இடம் ரோட்டோரம்தான் என்று முடிவாகிவிட்டது. யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

உன் பேச்சை எடுக்காமல் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கட்டினால் என்ன என்று ஆரம்பித்தேன். நந்தகுமார் எழுந்து, "அங்க யாருங்க வருவாங்க? ரோட்டோரம்னா பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உள்ள வந்து பேப்பராவது பாப்பாங்க" என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது. பொண்டுகள் வர மாட்டார்களே என்றேன். "ஏன் வர மாட்டாங்க?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சூளையில் தீ எந்த இடத்தில் குறைகிறது என்று கேட்டால் விடிய விடியச் சொல்லுவேன். இருட்டுகிற நேரத்தில் ஒரு பெண்ணுக்கு எந்த வழியில் போகப் பயம் என்று கேட்டால் எனக்கு என்ன தெரியும்? உட்கார்ந்துவிட்டேன்.

நான்சியைப் பற்றிக் கவலைப்படாதே. கட்டடம் வரட்டும். நானே கூட்டிக்கொண்டு போய், அவள் படித்து முடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்து, கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இன்னொன்று. என் கடிதங்களைக் கொட்டகையில் வாசிக்காதே. உங்கள் மேஸ்திரி என்னை டீக்கடையில் பார்த்து, "என்ன மாமா, மீன் கொழம்பு எப்படி?" என்று கேட்கிறான்.

அன்பு அண்ணன்,
சூசைநாதன்


4.7.2005

அண்ணனுக்கு,

வரிப் பணம் ஐந்நூறு என்று உங்களுக்கு நான் அனுப்பிய மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. நடராசன் என் முகத்தைப் பார்க்காமல், "வாங்கலன்னுட்டாருங்க" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். கமிஷன் போனது போகட்டும்.

நான் அனுப்பியது பிச்சை இல்லை, அண்ணா. கடனை அடைக்கவும் அனுப்பவில்லை. எல்லா வீட்டையும்போல என் வீடும் கொடுத்தது. என் பேரைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஜூடை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு அழுததற்கு அப்புறம் முந்தாநாள்தான் அப்படி அழுதேன். நான்சி பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். எங்களுக்கு எப்போது எது வேண்டுமானாலும் ஓடி வருவீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வராத நாளில் நாங்கள் என்ன செய்வது என்றுதான் கேட்கிறேன்.

இன்றைக்குக் கொட்டகையில் யாரும் புத்தகத்தைத் தொடவில்லை. எல்லாரும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். நான் மறுபடி அனுப்புகிறேன். வீராயியும் ராஜாம்பாளும் கொளஞ்சியப்பனுக்கு அனுப்புகிறார்கள். ராஜாம்பாளுக்கு ஆம்பளைத் துணை என்று ஒருத்தரும் கிடையாது, கல்யாணமே ஆகாதவள். பட்டியல் எழுதும்போது அவள் எங்கே வசிக்கிறாள் என்றே நினைத்தீர்களோ தெரியவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் திருப்பித் திருப்பி அனுப்புங்கள். நாங்களும் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். தபாலாபீசுக்காவது வருமானம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். அண்ணி மேல் எனக்கு வருத்தம் இல்லை.

லீமா


11.7.2005

லீமா,

நீ சொன்னதுபோலவே நடராசன் மறுபடி வந்தார். அவருக்கு முன்னால் கொளஞ்சியப்பன் வந்துவிட்டார். "என்ன சூசை, ஒந்தங்கச்சி எங்க பக்கத்தையும் கெளப்பி வுட்டுட்டாளே. எங்க வூட்டுல ஆளாளுக்கு என்னக் கேள்வி கேக்குறாங்க" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடராசன் மணியார்டர் ஃபாரத்தை நீட்டினார். வேண்டாம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். கதவோரம் நின்றிருந்த உன் அண்ணி, "செத்த உக்காருங்கண்ணே" என்று அவரை உட்கார வைத்தாள். பிறகு அவர்கள் ரெண்டு பேர் முன்னாலேயே என்னைக் கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, நமக்கும் பொண்ணுதானங்க. கட்டிக் குடுத்து அனுப்பியாச்சு. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரு வரியில இருப்பேன்?"

என்ன பேச்சு இது என்று அதட்டினேன். அவள் சத்தமே போடவில்லை. "எனக்குக் கூடப் பொறந்தவன் யாரும் கெடையாது. லீமா ஒரு தலைக்கட்டா இருந்தா நான் அவ வூட்டு வரியில சேந்துக்குவேன். அதையும் நீங்க அடிச்சிட்டுப் போயிட்டீங்கன்னா நான் எங்கங்க போவேன்?" என்றாள்.

கொளஞ்சியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார்.

லீமா, உன்னை விட்டது உனக்கு உதவி என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குப் பிறகு இவள் பேரையும் எவனோ ஒருத்தன் நல்ல மனசோடு அடித்துவிட்டு, ஒனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம் என்று கேட்பான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டேன். கோயில் வாசலில் நான் அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

பணத்தை இந்தத் தடவையும் நான் வாங்கவில்லை. கோபப்படாமல் மீதியையும் படி. கூட்டம் ஒத்துக்கொள்ளாமல் நான் கையெழுத்துப் போட்டால் அது அண்ணன் வாங்கினதாக ஆகும், தெரு வாங்கினதாக ஆகாது. நாளைக்கு நான் இல்லையென்றால் அதையும் அடித்துவிடுவார்கள். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டியிருக்கிறேன். எல்லார் வாயாலும் சரி என்று சொல்ல வைக்கணும். நந்தகுமார் பேசுவான். பேசட்டும். இந்தத் தடவை நான் உட்கார மாட்டேன்.

அண்ணன்,
சூசைநாதன்


25.7.2005

செபஸ்தியார் தெரு நூலகக் கட்டட வரிக் குழு
விருத்தாசலம்

அறிவிப்பு

பெறுநர்: லீமா, தலைக்கட்டு.

24.7.2005 அன்று நடந்த தெருக் கூட்டத்தின் முடிவின்படி, உங்கள் வீடு தனித் தலைக்கட்டாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. உங்கள் வீட்டுக்கு விதிக்கப்பட்ட வரி ரூபாய் ஐந்நூறு இன்று வரை செலுத்தப்படவில்லை என்பது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது. ஜூலை 31ஆம் தேதிக்குள் செயலாளரிடம் நேரில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டியது. தவறினால் உங்கள் பெயர் பாக்கிதாரர்களோடு சேர்த்துக் கோயில் வாசலில் வாசிக்கப்படும். யாருக்கும், எக்காரணம் கொண்டும், சலுகை கிடையாது.

நூலகக் கட்டடத்தின் இடம் பற்றி முன்பு எடுத்த முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. புதிதாகச் சேர்ந்த தலைக்கட்டுகளும் இருந்து பேசும்படி, ஆகஸ்டு 7ஆம் தேதிக் கூட்டத்தில் அது மறுபடி எடுத்துக்கொள்ளப்படும்.

சூசைநாதன்
செயலாளர்

லீமா, அறிவிப்புக்குக் கீழே இதை எழுதக் கூடாதுதான். நந்தகுமார் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கம் வழக்கம் என்றே பேசினான். வழக்கத்தை எழுதி வைத்தவன் நான்தானடா, திருத்தவும் எனக்குத் தெரியும் என்றேன். கொளஞ்சியப்பன் கையைத் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள். வீராயிக்கும் ராஜாம்பாளுக்கும் அவர் அறிவிப்பு அனுப்புகிறார். அறிவிப்பை நான் எழுதும்போது மெர்சி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் கடுசா எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாக்கிதாரர் என்ற இடம் அவள் சொல்லி எழுதியது.


27.7.2005

செயலாளர் அவர்களுக்கு,

அறிவிப்பு கிடைத்தது. நான் அதைப் பிரிக்கும் வரை நடராசன் வாசலிலேயே நின்றார். படித்துவிட்டு நான் அழுததைப் பார்த்துக் கெட்ட சேதி என்று நினைத்துவிட்டார். "வரி கட்டலன்னா பேர வாசிச்சிடுவாங்களாம்" என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கொட்டகையில் வாசித்தேன். யாருக்கும் எக்காரணம் கொண்டும் சலுகை கிடையாது என்ற இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. ராஜாம்பாள் வாங்கி முடித்தாள். வீராயிக்கு அவளுடைய அறிவிப்பு இன்னும் வரவில்லை. கொளஞ்சியப்பன் தாமதம் செய்கிறார் என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். அவரிடம் கொஞ்சம் சொல்லுங்கள்.

அண்ணா, நன்றி என்று எழுத வந்தேன். எழுதவில்லை. என் வீட்டுக்கு உரியது எனக்கு வந்தது, அதற்கு நன்றி சொன்னால் மறுபடி நன்கொடை மாதிரி ஆகிவிடும். ஆனால் கூட்டத்தில் நீங்கள் உட்காராமல் நின்றதை அண்ணி வந்து சொன்னார்கள். உங்களுக்கு முழங்கால் வலி என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரில் வந்து கட்டுகிறேன். ரசீது தயாராக இருக்கட்டும்.

இனி ஒரு புகார். மாடி வீடு கட்டியிருக்கிற அகஸ்டினுக்கும் ஐந்நூறு, ஒற்றை அறை ஓட்டு வீட்டுக்கும் ஐந்நூறு என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள்? நகராட்சிகூட வீட்டைப் பார்த்துத்தான் வரி போடுகிறது. இது அநியாயம். ஏழாம் தேதிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து இதைத்தான் கேட்பேன். இடத்தைப் பற்றி அதற்கு அப்புறம் பேசுவேன். செயலாளர் கூடப் பிறந்தவர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லீமா
தலைக்கட்டு